கண்ணாடி இழையும் கண்மாய் நீரும்

சர்க்கார் எந்தக் காரியத்தில் பணம் போட்டாலும், நம் ஜனங்கள் முதலில் கேட்பது, "இதனால் யாருக்கு லாபம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி நிற்கிறது. "இதைச் செய்யாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்?" என்பது அது. அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நஷ்டப்படுகிறவர்கள் கணக்கு எழுதுகிற இடத்தில் இல்லாததால்தானோ என்னவோ!

நான் வசிக்கும் பரவை, மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் ரஸ்தாவில் இருக்கிறது. கிராமம் என்று சொன்னால் இங்குள்ளவர்களுக்குக் கோபம் வரும். நகரம் என்று சொன்னால் மதுரைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். பேரூராட்சி என்பது சர்க்கார் வைத்த பெயர். காய்கறி மார்க்கெட்டும், மில்லும், 'தூள்' படத்தில் பாடி உலகமெல்லாம் ஊர்ப் பெயரைக் கொண்டுபோன முனியம்மாவும் எங்களுக்குப் பெருமை.

இங்கே மாலை வேளைகளில் என்னோடு கண்மாய்க் கரையில் நடக்க வருகிறவர் ஒரு நண்பர். நாற்பது வருஷம் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். வீட்டில் வெண்டைக்காய் வாங்கினாலும் பற்று வரவு பார்க்கிற மனிதர். கொஞ்ச நாளாக எங்கள் பேச்செல்லாம் பாரத்நெட்டைப் பற்றித்தான்.

பாரத்நெட் என்றால், ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் கண்ணாடி இழைக் கம்பி போட்டு, அதன் வழியே இணையத்தைக் கொண்டு போய்ச் சேர்க்கும் திட்டம். 2011 அக்டோபரில் மத்திய மந்திரிசபை இதற்குச் சம்மதம் தந்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டு வருஷம் என்று அன்றைக்குப் போட்ட கணக்கு. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டுவதற்குள்ளேயே 2017-ஆம் வருஷம் முடிந்துவிட்டது. 2023-இல் திட்டத்தைத் திருத்தி, விரித்து, 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

"பார்த்தீர்களா சார்! இருபதாயிரம் ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் ஆயிற்று. ஒரு கல்யாணத்தில் இப்படிச் செலவு ஏறினால் பெண்ணின் தகப்பனார் காசிக்குப் போய்விடுவார்" என்றார் நண்பர்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இவ்வளவு பணத்தையும் போட்ட பிறகு ஊராட்சி அலுவலகத்து மூலையில் ஒரு பெட்டி விளக்கு எரியாமல் உட்கார்ந்திருந்தால், அதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? கம்பியையும் முதலில் மாலை கோத்த மாதிரி ஊர் ஊராக நீட்டிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் ஊமையாகிவிடும். 2023-ஆம் வருஷத் திருத்தத்தில்தான் இதை வளையமாக மாற்ற முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழி உண்டு. பத்து வருஷப் பராமரிப்புச் செலவையும் அப்போதுதான் திட்டத்தோடு சேர்த்தார்கள்.

"இதற்கெல்லாம் சர்க்கார் எதற்கு? 2016-இலேயே தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மலிவாக இணையம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களே. பரவையில் இல்லாத வேகமா?" என்பது அவருடைய அடுத்த வாதம்.

பரவையில் உண்டு. திண்டுக்கல் ரஸ்தாவை ஒட்டி மார்க்கெட்டும் வீடுகளும் நெருங்கி நிற்கிற ஊருக்குக் கம்பெனிக்காரர் தேடி வருவார். பேரூராட்சி என்பதால் கிராம ஊராட்சிகளுக்கான கணக்கில் நாங்கள் வருவதுமில்லை, அதனால் குறைந்து போவதுமில்லை. ரஸ்தாவை விட்டு உள்ளே போனால்தான் விஷயம் தெரியும். அங்கே நூறு வீட்டுக்கு ஒரு கோபுரம் வைத்து எந்த முதலாளிக்குக் கட்டும்? கட்டாத இடத்துக்கு அவர் போகாதது பாவமல்ல, வியாபாரம். சர்க்கார் வியாபாரம் செய்யவில்லையே!

இந்தப் பணத்தின் மூலமும் கவனிக்கத்தக்கது. தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு 5 ரூபாய், கிராமங்களுக்கு வசதி செய்வதற்காகத் தனி நிதியாகப் போய்ச் சேருகிறது. கம்பெனி தன் பையிலிருந்தா கொடுக்கிறது? நீங்களும் நானும் கட்டும் கட்டணத்தில் அது அடக்கம். உள்ளூர்க் கிராமத்துக் கிழவி ரீசார்ஜ் செய்த காசும் அதில் இருக்கிறது.

நம் ராஜ்யத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் வேலைக்கு மதிப்பு சுமார் 1,815 கோடி ரூபாய். நண்பர் கரையில் நின்றபடியே மனக்கணக்குப் போட்டார். "ஊராட்சிக்குப் பதினாலரை லட்சம்."

"மூவாயிரம் பேர் இருக்கும் ஊர் என்றால் தலைக்கு?"

"நானூற்று எண்பது சொச்சம்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் அம்மாளின் மகள் அவள். ரஸ்தாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். 2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள் அல்லவா? அந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. பாடமெல்லாம் கைப்பேசியில் என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. ஊரில் அதற்குச் சிக்னல் கிடைக்கவில்லை. ஆகவே அம்மாளோடு காலையிலேயே கிளம்பி வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். அம்மாளின் கீரை விற்றுத் தீர்ந்துவிட்டால் பாடமும் நடுவிலேயே தீர்ந்துவிடும்.

"மிச்சத்தை நாளைக்குக் கேட்டுக்கிறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போவாள். நாளைக்கு வேறு பாடம் நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2021-இல் பரீட்சை இல்லாமலே எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அவளும் தேறினாள். ஆனால் பதினோராம் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. பாதியில் நின்றுவிட்டாள். இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

அந்த 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில்தான், நம் ராஜ்யத்தில் இந்தக் கம்பி போடுவதற்கான டெண்டரின் விதிகள் போட்டியைச் சுருக்குகின்றன என்று மத்திய சர்க்கார் அதை ரத்துச் செய்யச் சொன்னது. பொதுப்பணத்தில் அப்படிக் கண்டிப்பாக இருக்க வேண்டியதுதான். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் கணக்குப்படி 2013-லேயே முடிந்திருக்க வேண்டிய வேலை இது. அந்தத் தாமதத்துக்கு எந்த ஏட்டிலும் பற்று எழுதவில்லை. கீரைக்காரம்மாளின் மகள் எழுதிக்கொண்டாள்.

மதுரைச் சீமைக்கு இது புதிதுமல்ல. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனையை ஆராய்ந்து, இது நடவாத காரியம் என்று 1808-இலேயே கால்டுவெல் என்ற கம்பெனிக் காப்டன் எழுதிவைத்தார். அணை கட்டி முடிந்தது 1895-இல். இடையிலே வந்தது தாது வருஷப் பஞ்சம். அணைக்கு ஆன செலவு காகிதத்தில் இருக்கிறது. அணை இல்லாததற்கு ஆன செலவை யார் எழுதி வைத்தார்கள்?

கடல் கடந்த ஆஸ்திரேலியாவிலும் இதே வழக்கு நடந்தது. 2009-இல் 4,300 கோடி டாலர் மதிப்பில் பெரும்பாலான வீடுகளுக்கும் கண்ணாடி இழை என்று தொடங்கினார்கள். 2013-இல் ஆட்சி மாறியதும், செலவு அதிகம் என்று சொல்லி, பல இடங்களில் பழைய செம்புக் கம்பியையே வைத்து ஒப்பேற்றினார்கள். 2020-இல் அதே இடங்களில் பலவற்றுக்கு மறுபடி இழை போடப் பணம் ஒதுக்க நேர்ந்தது. பாதி விலைக்குச் சட்டை வாங்கி, தீபாவளிக்குள் கிழிந்து, இன்னொன்று வாங்கிய கதைதான்.

நண்பர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டார். பிறகு கண்மாயைக் காட்டி, "சார், இதை வெட்டினவன் கெட்டிக்காரன். ஆனால் வெட்டினதால் மட்டுமா இது நின்றது? வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மராமத்துப் பார்த்தான். மடை திறக்கிறவனுக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். அது நின்றது, இதுவும் தூர்ந்தது. உங்கள் கம்பிக்கு மடை திறக்கிறவன் யார்?" என்று கேட்டார்.

ஒரு மணி நேர விவாதத்தில் இதைவிட நல்ல கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2024-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு இழை போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்குச் சொல்கிறது. பெட்டி வரை வந்தது வாஸ்தவம். பெட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூரை வீட்டுக்கும் யார் கொண்டு போவது? நம் ராஜ்யத்தில் இழையில் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேதான் போகிறது. ஐப்பசிக் காற்றில் அறுந்தால் யார் ஏறிக் கட்டுவது? எத்தனை நாளில்?

ஆகையால் செலவு கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போட்ட செலவு போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஊராட்சிதோறும் சம்பளம் வாங்குகிற ஓர் ஆளை இதற்கென்று வைக்கட்டும். அவன் பெயரையும், சென்ற மாதம் எத்தனை நாள் இணையம் ஓடியது, எத்தனை நாள் ஓடவில்லை என்பதையும் ஊராட்சிச் சுவரில் எழுதிப் போடட்டும். எத்தனை மைல் கம்பி இழுத்தோம் என்ற கணக்கு டில்லிக்கு வேண்டுமானால் உதவும். ஊருக்கு வேண்டியது அந்தச் சுவரில் எழுதுகிற கணக்குத்தான்.

நண்பருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. "எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்தால் சம்பளம் கூட வேண்டாம்" என்கிறார்.