பெருக்கமர ஊரில் ஒரு போத்தற்கொடி

தள்ளாடியிலிருந்து கடல்வழிச் சாலையைக் கடந்து மன்னார்த் தீவினுட் புகுவோரை வெண்மணலும், பனைகளும், வீதியோரம் மேயும் கழுதைகளும் எதிர்கொள்கின்றன. சிறிது தொலைவில், பள்ளிமுனையிலே, 19 மீட்டருக்கு மேற்பட்ட அடிச்சுற்றளவுடன் நிற்கின்றது ஒரு பெருக்கமரம். ஆபிரிக்காவிற்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். மழைநீரை அடிமரத்திற் சேமித்தும், வறட்சியில் இலையுதிர்த்தும் அது இம்மண்ணின் மரமாகவே ஆகிவிட்டது.

இவ்வூர் வீட்டு விறாந்தையிலே மற்றோர் அந்நிய விருந்தாளியும் உண்டு. செல்வம் தரும் என்னும் நம்பிக்கையால் வளர்க்கப்படும் 'மணிபிளாண்ட்' கொடியே அது. பசிபிக் மாகடலிலுள்ள மூரேயாத் தீவு அதன் தாயகம். இலங்கையின் ஈரவலயத்தில் அது மரந்தழுவி ஏறி, முறம் போன்ற இலைகளை விரித்துக் காட்டுக்கே பகையாகின்றது. மன்னாரிலோ உள்ளங்கையளவு இலையுடன் போத்தலுக்குள் அடங்கியிருக்கின்றது. பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரையே. பின்னர் நெடிய வறட்சியும், உப்பும் மணலும் சுமந்துவரும் சோளகக் காற்றுமே.

ஆதலால் இதனை வெளியில் நடுதல் வீண். கணு ஒன்றேனும் உள்ள துண்டை வெட்டியெடுத்தல் வேண்டும். வேர் கணுவிலிருந்தே முளைக்கும். நேர்வெயில் படாத, ஒளியுள்ள யன்னலோரம் ஏற்றது. உவர்க்கிணற்று நீர் இலையோரத்தைக் கருக்கும். சேமித்த மழைநீரே நன்று. தும்பு சுற்றிய கோலில் ஏறவிட்டால் இலை பெருக்கும்.

அழகுக்கு அப்பாலும் ஒரு கவனம் வேண்டும். 2016ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியாவற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. மறு ஆண்டே, நகரங்களில் மலேரியாவைப் பரப்பவல்ல 'அனோபிலிஸ் ஸ்டீபென்சி' என்னும் நுளம்பு இந்நாட்டில் முதன்முறையாக மன்னார்த் தீவிற் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கிணற்றிலும் தேக்கிய நீரிலும் அது பெருகும். டெங்கு நுளம்புக்கோ போத்தல் நீரே போதும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் நீரை ஊற்றிவிட்டு, முட்டைகள் ஒட்டியிருக்கும் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வேர்விட்டபின் துளையுள்ள மண்சட்டிக்கு மாற்றுதல் இன்னும் சிறந்தது. இலையைக் கடித்தால் வாயும் நாவும் எரியுமாதலால் குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் வைத்தலும் முறை.

பெருக்கமரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இக்கொடிக்கோ வாரந்தோறும் ஒருவர் காவல் வேண்டும். அக்காவலுக்கு நேரமில்லாதோர் முற்றத்தில் வேம்பொன்று நடுவதே நன்று.