25 பறவைகளும் ஒரு ஈசிலிங்க் அட்டையும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஆத்திட்டு வந்து உட்காருங்க.

"மதியம் நடை சாத்தினதும் அஞ்சு தொண்டூழியரும் எங்கதான் காணாம போறீங்க?" என்று செப்டம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் இதுதான் பதில். அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். மாலை நடை திறப்பதற்குள் பெரும்பாலும் திரும்பியும்விட்டோம். நடுவில் கிடைத்த நாலு மணி நேரமும் கடற்கரையில் நின்று சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சவால் எங்களுடையது இல்லை, எங்கள் அண்ணனுடையது. பெயர் போடாதீங்க என்று சொல்லிவிட்டார். பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவர் என்றால் உங்களுக்கே தெரியும். பத்து வருஷத்துக்கு மேலாகப் பறவை பார்க்கிறவர். அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கணக்கு இது: செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, ஒரே வலசைப் பருவத்தில், 25 வகைக் கடலோரப் பறவைகளைப் படம் எடுக்கணும். தெம்பனிஸிலிருந்து பஸ், ரயில், படகு இந்த மூன்றில் போகிற இடமாக இருக்கணும். டாக்சி கிடையாது, ஓசிக் கார் கிடையாது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, பறவை எதுவென்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் போதும். இரை போட்டு வரவழைக்கக் கூடாது. கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றக் கூடாது. படத்துக்காக உட்கார்ந்திருக்கிற பறவையைக் கிளப்பிவிடக் கூடாது.

நாங்கள் நாலு பேரும் முதலில் பை தூக்கத்தான் போனோம். ரெண்டாவது வாரமே ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டோம்.

இரை போடுவது பற்றி ஒரு வார்த்தை. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துப் பழகிய நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் இங்கே வனவிலங்குச் சட்டம் 2020இல் கடுமையானது. காட்டு உயிர்களுக்கு உணவு போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். படம் எடுக்கிறவர்களுக்கும் அதே சட்டம்தான்.

தெம்பனிஸில் கடல் ஏது என்று கேட்பீர்கள். நம்ம பேட்டையின் பெயரே தெம்பினிஸ் என்ற மரத்திலிருந்து வந்தது, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரயிலில் ஒரே ஒரு நிலையம் தள்ளிப் பாசிர் ரிஸ். அங்கே பூங்காவுக்குள் 6 ஹெக்டேர் அலையாத்திக் காடு, மரப்பலகை நடைபாதை, ஏறிப் பார்க்கக் கோபுரம். 29ஆம் எண் பஸ் நேராகச் சாங்கி வில்லேஜ் போகும். அங்கிருந்து படகில் புலாவ் உபின். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். கேமரா பையோடு நாங்கள் அஞ்சு பேர், மீதி ஏழு பேருக்காகக் காத்திருந்த நேரத்தில் கற்றுக்கொண்ட பொறுமை தைப்பூச வரிசையில்கூடக் கற்றதில்லை.

முதல் மாதம் ஜோராகப் போனது. பாசிர் ரிஸில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியே வாழ்கின்றன, அண்ணாந்து பார்த்தால் போதும். அதே பூங்காவில் தோசிக் கொக்கு. குட்டையாக, கழுத்தே இல்லாத மாதிரி, கோபக்கார வாத்தியார் போல உட்கார்ந்திருக்கும். அது தண்ணீரில் பூச்சியையோ இலைத் துணுக்கையோ போட்டு, மேலே வரும் மீனைக் கொத்துகிற பறவை. இரை போடக் கூடாது என்ற விதி அதற்குப் பொருந்தாது என்று தம்பி சொன்னான் (எங்கள் கூட்டத்தில் இளையவன், பாலிடெக்னிக் மாணவன்). கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீல மீன்கொத்தி, சின்னக் கொக்கு, பெரிய கொக்கு, பாறையில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளான் எல்லாம் தீபாவளிக்கு முன்பே முடிந்தன.

அப்புறம்தான் கடல் தன் கணக்கைக் காட்டியது.

வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகள் சாப்பிடுவது சேற்றில் இருக்கும் புழு, நண்டு, சிப்பி. கடல் வற்றினால்தான் சேறு தெரியும். எப்போது நன்றாக வற்றும்? இதற்கு அண்ணன் கைப்பேசியில் ஏற்றவற்ற அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தபோது, பூக்கட்டும் அக்கா பஞ்சாங்கத்தை நீட்டினார். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஒன்றிரண்டு நாளில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வருவது அது. அஷ்டமி, நவமி பக்கம் ரெண்டும் குறுக்கும் நெடுக்குமாக இழுக்க, கடல் அரைகுறையாக இறங்கி அரைகுறையாக ஏறும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்பார்களே, உப்புக்கொத்தி படம் எடுக்கிற காரியத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. அக்கா வேதாரண்யத்துக்காரர். சின்ன வயதில் கோடியக்கரைச் சேற்றில் இந்தப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தவர். "எங்க ஊர்ல இது எல்லாத்துக்கும் உள்ளான்னுதான் பேரு. நீங்கதான் ஒவ்வொன்னுக்கும் நாமகரணம் பண்றீங்க" என்பார்.

ஆனால் அமாவாசை, பௌர்ணமி என்றால் நமக்குக் கோவிலில் நகர முடியாத நாள். அதனால் பிரதமை, துவிதியைதான் எங்கள் நாட்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆகத் தாழ்ந்த வற்றம் வருஷ நடுவில் விடியற்காலையை ஒட்டி வரும், வருஷக் கடைசியில் பொழுது சாயும் பக்கம் வரும். வலசைப் பறவை இங்கே இருப்பது வருஷக் கடைசியில். ஆக, சேறு நன்றாகத் திறக்கிற நேரத்தில் வெளிச்சம் போய்விடும், கோவிலில் மணியும் அடித்துவிடும். கடல் இறங்கத் தொடங்கும் மதிய நேரத்தை மட்டும் நம்பினோம். நடை சாத்தியிருக்கும் அந்த நேரம் எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் நடுவில் கிடைத்ததுதான் பவளக்காலி (படம் 9). சிவப்புக் கால், புறா அளவு கூட இல்லை. இங்கே பிடித்துக் கருவி பொருத்தி விட்ட பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிப் பக்கம் போனதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. கைலாய யாத்திரைக்கு நாம் எத்தனை வருஷம் காசு சேர்க்கிறோம்! சில பறவைகளின் காலில் வண்ணப் பட்டை இருக்கும். அதன் நிறமும் எழுத்தும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினால், அது எங்கே பிடிபட்ட பறவை என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

சைபீரியா, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் வலசைப் பாதையில்தான் நம்ம தீவு இருக்கிறது. 5 கோடிக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் இந்தப் பாதையைப் பயன்படுத்துவதாகக் கணக்கு. 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து அஞ்சு மாதமே ஆன குஞ்சு, அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். இந்தச் செய்தியை அண்ணன் சொன்ன பிறகுதான், கிளப்பிவிடக் கூடாது என்ற அவருடைய மூன்றாவது விதி எங்களுக்கு உறைத்தது. ஓய்வெடுக்கும் பறவையை நாம் ஒரு தடவை பறக்கவிட்டால், அது வழிச்செலவுக்கு வைத்திருந்த காசில் நாம் கைவைத்த மாதிரி.

இதைக் கண்ணால் பார்க்கவே ஒருநாள் தீவின் மறுகோடிக்கு, சுங்கை பூலோவுக்குப் போனோம். சவாலில் சேராத பயணம். கிராஞ்சியில் இறங்கி 925 பஸ். பறவை பார்ப்பவர்கள் 1980களில் கண்டுபிடித்துக் கேட்டுப் பெற்ற இடம். 1993இல் பூங்காவாகி, 2002இல் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி ஆனது. கடல் வற்றும்போது பறவைகள் மண்டாய்ச் சேற்றில் மேய்கின்றன. கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் சுங்கை பூலோவின் பழைய இறால் குளங்களுக்கு வந்து ஒற்றைக் காலில் தூங்குகின்றன. ஒன்று சாப்பாட்டுக் கூடம், ஒன்று படுக்கை அறை. ஒன்றை மட்டும் காப்பாற்றிப் பிரயோஜனமில்லை. மண்டாய்ச் சேற்றுநிலமும் இயற்கைப் பூங்காவாகும் என்று 2018இல் அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் எங்கள் அண்ணனும் ஒருவர்.

அங்கே மஞ்சள்மூக்கு நாரைகளைப் பார்த்து, கூந்தன்குளம் நினைவில் குதித்தோம். இவை பறவைப் பூங்காவில் வளர்ந்து வெளியே பறந்தவற்றின் வழி வந்தவை என்றார் அண்ணன். அதே மாதிரி இருவாச்சி. நூறு வருஷத்துக்கு மேல் காணாமல் இருந்து, 1994இல் ஒரு ஜோடி புலாவ் உபினில் தென்பட்டு, இன்று சாங்கி வில்லேஜ் சாப்பாட்டுக் கடை மேலேயே பறக்கிறது. "கடலோர மரத்துல உக்காந்தா கடலோரப் பறவைதானே அண்ணே?" என்றான் தம்பி. செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

கருடனைச் சொல்லாமல் விட முடியுமா? கும்பாபிஷேகத்தில் கலசத்தில் நீர் விழும்போது நாம் எல்லாரும் வானத்தைத் தேடுவோமே, அதே செம்பருந்துதான். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. சாங்கிக் கரையில் அது மிதக்கும் செத்த மீனைக் காலால் வாரிக்கொண்டு போவதைப் படம் எடுத்தோம் (படம் 14). சிலருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கடற்கரையைச் சுத்தம் செய்கிற அதுவும் ஒரு தொண்டூழியர்தானே. இளங்கருடன் முழுக்கப் பழுப்பாக இருக்கும், வயதானால்தான் தலை வெளுக்கும்.

பேரலகு நாரை கிடைத்தது பிப்ரவரியில், புலாவ் உபினில். சிங்கப்பூரின் ஆகப் பெரிய நாரை, நாட்டில் மிகக் குறைவாக இருப்பது. ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். முக்கால் மணி நேரம் தூரத்தில் அசையாமல் நின்றது, நாங்களும் நின்றோம். அது இருபதாவது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. எந்தக் கரை என்று எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். மணல்மேல் ரெண்டு சின்னப் பறவைகள் ஓடின. மலேசிய உப்புக்கொத்தி. வலசை வருவது இல்லை, இங்கேயே பிறந்து இங்கேயே முட்டையிடும் பறவை. சிங்கப்பூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடிகள்தான். கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் மணலில் சின்னக் குழி, மணல் நிறத்திலேயே முட்டை. அதனால் மனிதக் கால், நாய், காக்காய் எல்லாமே எமன்.

பட்டியலில் அதற்கு ஒரு வரி இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து லென்ஸில் புள்ளியாகத் தெரிந்தது. இன்னும் இருபது தப்படி போனால் நல்ல படம். ஆனால் ஒரு பறவை ஓடுவதும் நிற்பதும் தலையை மேலும் கீழும் ஆட்டுவதுமாக இருந்தது. இன்னொன்று தாழக் குனிந்து எழுந்துபோய், மறுபடி அதே இடத்துக்கு வந்து குனிந்தது. தொலைநோக்கியில் அதைப் பார்த்த அண்ணன் கேமரா மூடியைப் போட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு படம்."

"அது அடைகாக்குதுடா. மணி ஒன்னு. மணல் எப்படிச் சுடுதுன்னு செருப்பைக் கழட்டிப் பாரு. நாம நிக்கிற வரைக்கும் அது முட்டை மேல உக்காராது."

"உங்க சவால்ணே..."

"என் சவால்தானே. நான் பாத்துக்கிறேன். வா."

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு 29ஆம் பஸ்ஸில் கடைசி இருக்கைக்குப் போய்விட்டான். அக்காதான் போய்ப் பேசினார். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில், கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கூடு கட்டும் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை என்ற கதையைச் சொன்னார். ஒரு ஊர் பிள்ளைகளே வெடியை விட்டிருக்குதுங்க, நீ ஒரு படத்தை விட மாட்டியா என்று கேட்டார். அவன் அப்போது பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனே பட்டியலில் அந்த வரிக்கு எதிரே "பார்த்தோம், எடுக்கவில்லை" என்று எழுதி வைத்திருந்தான்.

இன்னொன்றும் சொல்லணும். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நம்ம தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிரப்புக்குப் பக்கத்துப் பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டிய மண் போனது. சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதியும் கடலாக இருந்த இடம்தான். ஊருக்குப் போக அதே விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிற நாம் யாரையும் குறை சொல்ல வாய் திறக்க முடியாது. புதிதாக நிரப்பிய வெற்று மணலில் சின்ன ஆலாவும் உப்புக்கொத்தியும் முட்டையிடவும் செய்கின்றன, கட்டடம் வரும் வரை. அதே சமயம் செக் ஜாவாவை நிரப்பும் திட்டம் 2001 டிசம்பரில் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது, மக்கள் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டதால். எங்கள் 25இல் நாலு படம் அங்கே எடுத்தவை.

கடைசிக் கணக்கு: 22. சீனக் கொக்கு என்று நினைத்து எடுத்த படத்தை அண்ணனே சின்னக் கொக்குதான் என்று தள்ளிவிட்டார். கொண்டை ஆலா மிதவைமேல் தூரத்தில், வெள்ளைப் பொட்டு. மூன்றாவது, மேலே சொன்னது. 22 படங்களும் கீழே வரிசையாக இருக்கின்றன.

செப்டம்பரில் மறுபடி தொடங்குகிறோம். வருகிறவர்கள் தண்ணீர், தொப்பி, நிறையப் பொறுமை கொண்டு வாங்க. தொலைநோக்கி ரெண்டு எங்களிடம் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம். பறவைக்குத் தூரத்திலேயே தெரியும், சேறும் போகாது.