அலமாரிக்குள் பூட்டிய ஓசை

தேர்வுத்தாள்களும் கோப்புகளும் நெருக்கியதால் சில வாரங்களாக இப்பக்கத்தில் எழுத இயலவில்லை. இம்முறை கற்பித்தல் குறிப்பு எதுவும் இல்லை. என் வீட்டில் நடந்த ஒன்றை, என் தவற்றையும் சேர்த்தே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2025இல் என் மகன் ஐந்தாம் படிவம். ஏப்ரல் மாதச் சோதனையில் கணிதத்தில் மிகக் குறைந்த புள்ளி பெற்றான். அன்று மாலையே அவனுடைய மின்கிட்டாரையும் சிறிய ஒலிபெருக்கியையும் காலால் மிதிக்கும் பெட்டி ஒன்றையும் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எஸ்.பி.எம். முடிந்த பிறகுதான் சாவி என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். "இதெல்லாம் இசையா? இரும்புக்கடைச் சத்தம்" என்றும் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. அன்று முதல் தேவைக்கு மேல் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. கூச்சலிடும் பிள்ளையைச் சமாளிக்க எனக்குத் தெரியும். பேசாத பிள்ளையை என்ன செய்வதென்று பயிற்சிக் கல்லூரியில் எவரும் சொல்லித் தரவில்லை.

ஜூலை மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து அவன் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். முந்திய நாள், ஜூலை 5ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் வில்லா பார்க் காற்பந்து அரங்கில் பிளாக் சபாத் குழு நடத்திய இறுதி நிகழ்ச்சியின் காட்சிகள் அவை. நான்கு முதியவர்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் எழுந்து நிற்க இயலாமல் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். (அதே மாதம் 22ஆம் தேதி அவர் காலமானார்.) திட்டுவதற்காகத்தான் அருகில் சென்றேன். ஆனால் என் கண் கிட்டார் வாசித்தவரின் கையில் நின்றுவிட்டது.

"அவரு விரல்ல என்னய்யா மாட்டியிருக்காரு?"

"விரல் நுனிம்மா. அவரே செஞ்சது."

மூன்று மாதங்களில் அவன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அவர் பெயர் டோனி அயோமி. பர்மிங்ஹாமில் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1965இல், பதினேழு வயதில், அங்கே அவருக்குக் கடைசி வேலை நாள். அன்று இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே நரம்புகளை அழுத்துவது வலக்கை விரல்கள்தாம். இனி வாசிக்கவே முடியாது என்று சோர்ந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வாசிப்பு. தீவிபத்தில் இடக்கை சிதைந்தபின் இரண்டே விரல்களை முதன்மையாகக் கொண்டு வாசித்த மேதை அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த நெகிழிக் குப்பியை உருக்கி, விரலுக்கு உறை செய்து, பழைய தோல் மேற்சட்டையின் துண்டை அதன்மேல் ஒட்டிக்கொண்டார். உறை போட்ட விரலுக்கு நரம்பின் உணர்வு தெரியாது. தடித்த நரம்பை அழுத்தினால் வலிக்கும். அதனால் பாஞ்சோவின் மெல்லிய நரம்புகளைக் கிட்டாரில் பூட்டினார். பின்னர், 1971இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பின் சில பாடல்களுக்கு, நரம்புகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தளர்ந்த நரம்பு விரலுக்கு இதம். ஓசையோ இன்னும் கனத்துவிட்டது. இன்று உலகெங்கும் கனத்த இசைக்குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன.

அவன் சொல்லச் சொல்ல, நான் தோசைக் கல்லை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கருவிகளுக்கு வந்தான். 1969இல் முதல் தொகுப்பை ஒரே நாளில் பதிவு செய்தபோது, ஒரு பாட்டு முடிந்ததும் அயோமியின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பழுதாகிவிட்டது. மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்தார், பிறகு அதுவே அவருடைய அடையாளம். ஒலிபெருக்கி லேனி. 1967இல் அதே பர்மிங்ஹாமில் தொடங்கிய நிறுவனம். உள்ளே வால்வுகள். தோட்டத்து வீட்டில் என் அப்பா வைத்திருந்த வால்வு வானொலி சூடேறிய பின்தான் பேசும். அதே வகைக் குழல்கள். அவற்றுக்குத் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியலையை அனுப்பினால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். அப்படித் தட்டையாகும்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. நான் 'இரும்புக்கடை' என்றேனே, அது இதுதான்.

அந்நிலையில் பல சுரங்களை ஒன்றாக மீட்டினால் குழம்பிவிடும். ஆதாரச் சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தால் தெளிவாக நிற்கும். "அதாவது ச, ப" என்றேன். கோயில் தேவார வகுப்பில் சுருதிப்பெட்டியோடு பாடியவள் நான். அந்த இரண்டும் ஒன்றாய் ஒலிப்பதைக் கேட்டே வளர்ந்தேன். அவன் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். அக்குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டின் தொடக்கத்தை ஒலிக்கவிட்டான். ச, மேல் ச, அங்கிருந்து பிரதி மத்திமம். மூன்றே சுரங்கள், மயிர்க்கூச்செறிந்தது. (பாடலின் பொருள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது இன்னொரு பெட்டி. டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்னும் டிரெபிள் பூஸ்டர். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் அதை இணைத்தார் அயோமி. கனத்த ஓசை வேண்டுமென்றால் கீழ்ச்சுரங்களைக் கூட்ட வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? அப்பெட்டி செய்வது நேர்மாறு. அதன் நுழைவாயிலிலுள்ள சிறு மின்தேக்கி தாழ்ந்த ஒலிகளைப் பெருமளவு தடுக்கிறது. உயர்ந்தவற்றை ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பெருக்குகிறது. தாழ்ந்த ஒலிகள் மிகுதியாகப் போனால் வால்வில் சேறுபோல் குழம்பும். அவற்றை முன்கூட்டியே குறைத்து அனுப்பினால், எவ்வளவு உரத்து ஒலித்தாலும் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியே கேட்கும்.

"நீங்க பூட்டி வெச்சது அந்தப் பெட்டிதாம்மா."

"அது கடையில வாங்கினது இல்லையா?"

"ஜாலான் பசார்ல சாமான் வாங்கி நானே செஞ்சேன்."

கோலாலம்பூர் ஜாலான் பசார் மின்னணுக் கடைகளுக்கு அவன் பேருந்தேறிப் போனதே எனக்குத் தெரியாது. நான் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியலும் போதிக்கிறேன். மின்கலன், மின்குமிழ், விசை என்று வெண்பலகையில் மின்சுற்று வரைந்து, சரியாக வரையும் பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுகிறேன். வீட்டில் ஒருவன் உண்மையான மின்சுற்றைப் பற்றவைத்து முடித்திருந்தான். அதைச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

சாவியை எடுத்து வந்தேன். கணிதத்திற்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் என்ற நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தேன். அம்மா அல்லவா, ஆசிரியை அல்லவா. அவன் இணைப்புகளைச் செருகினான். பெட்டியை மிதித்தான். ஓசையே இல்லை.

மூடியைத் திருகித் திறந்தான். 9 வோல்ட் மின்கலன் கசிந்து, அதன் முனைகளில் வெண்பச்சையாய்ப் பூத்திருந்தது. ஒரு கம்பி அரித்து அறுந்திருந்தது. மூன்று மாதம் உள்ளேயே விட்டு வைத்தால் வேறு என்ன ஆகும்? "மன்னிச்சிடுய்யா" என்றேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நாள்தோறும் கேட்டு வாங்கும் சொல். என் வாயிலிருந்து வர இவ்வளவு நேரமாயிற்று.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. முனைகளைச் சுரண்டித் துடைத்தான். பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினான். குனிந்து பார்த்துவிட்டு, மேசை மேலிருந்த கைவிளக்கை என் பக்கம் நகர்த்தினான்.

"கொஞ்சம் பிடிங்கம்மா. கை ஆடக்கூடாது."