இருட்டுக்குள்ள ரெண்டு கண்ணு!

‘டார்க் ரூம்’னா சிவப்பு பல்பு எரியும்னுதானே நினைச்சுட்டு இருக்கீங்க? சினிமா சொன்ன பாதி உண்மை அது! சிவப்பு பல்பெல்லாம் பிரிண்ட் போடுற பேப்பருக்கு மட்டும்தான். ஃபிலிம் கழுவும்போது மின்மினி வெளிச்சம்கூட ஆகாது. கும்மிருட்டு!

அந்தக் கும்மிருட்டுதான் 2005 ஜனவரியில் என்னை அழவெச்சது.

அப்போ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிச்சுட்டு இருந்தேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். கையில் ஒரு பழைய கேமரா. வீட்டு பாத்ரூம்தான் டார்க் ரூம். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை, கதவிடுக்குக்கு அம்மாவோட பழைய புடவை. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு-வெள்ளை ரோல்தான் நம்ம பாக்கெட்டுக்குக் கட்டுப்படியாகும்.

ஹாஸ்டல் ரூம்மேட் தேவனாம்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் முதல் வாரம் அவன் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிடப் போனப்போ, ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். “என் மூஞ்சிய எதுக்குய்யா புடிக்கிற?”னு முந்தானையால மறைச்சுக்கிட்டு சிரிச்சாங்க அவங்க அம்மா. கழுவச் சோம்பல்பட்டு ரோலை டிராயர்ல போட்டுட்டேன்.

டிசம்பர் 26. சுனாமி. அவன் சிதம்பரத்தில் இருந்தான். அம்மா கரையில் இருந்தாங்க. வீட்டோடு ஆல்பமும் போச்சு. மாலை போடக்கூட ஒரு படம் இல்லை. “மச்சான், அந்த ரோல்...”னான்.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்தேன். இருட்டுல ஃபிலிமை பிளாஸ்டிக் ரீல்ல சுத்தணும். கையெல்லாம் வியர்வை. ரீல் ஈரமானா ஃபிலிம் ஒட்டிக்கும். பாதியில் சிக்கிருச்சு! ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டினா அந்த இடத்துல கெமிக்கல் ஏறாது, படம் காலி. அப்படியே டேங்க்ல போட்டு மூடிட்டு வெளியே வந்துட்டேன்.

அவன்தான் ஐடியா கொடுத்தான். “கல்யாண வீடியோ அண்ணன்கிட்ட இருட்டுலயும் தெரியுற கேமரா இருக்கேடா!”

சிதம்பரம் கீழ வீதி அண்ணன்கிட்ட கெஞ்சி வாங்கினோம். சோனி ஹேண்டிகேம். அதுல ‘நைட் ஷாட்’னு ஒரு பட்டன். அமுக்கினா அகச்சிவப்பு ஒளி வரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ஃபிலிமும் சிவப்போட நின்னுடும், அதைத் தாண்டின அகச்சிவப்பு அதுக்கும் தெரியாது. கேமராவுக்கு மட்டும் தெரியும்!

நம்பி இறங்கலாமா? முதல்ல டெஸ்ட். புது ரோலின் உள்பக்கத்திலிருந்து ரெண்டு அங்குலம் இருட்டில் வெட்டி, மேல ஒரு ரூபாய் காசு வெச்சு, கேமரா முன்னாடி அஞ்சு நிமிஷம் காட்டிட்டுக் கழுவினோம். வெளிச்சம் பட்டிருந்தா காசைச் சுத்திக் கறுத்திருக்கும். காசு இருந்த தடமே இல்லை. பாஸ்!

ஆனா, கேமராவோட சொந்த வெளிச்சம் ஆபத்து. ஸ்கிரீனை மூடினோம். சிவப்பு இண்டிகேட்டர் மேல இன்சுலேஷன் டேப். வ்யூஃபைண்டர்ல அவன் கண்ணை ஒட்டவெச்சு, தலையோட கறுப்புத் துணி. பக்கத்துல நல்லா காய்ஞ்ச இன்னொரு ரீல்.

அவன் கண்ணு, என் கை. “லெஃப்ட் ஓரம் மேல ஏறியிருக்குடா... மெதுவா பின்னாடி எடு... ஆங், இப்போ சுத்து!” கடைசி அங்குலம் உள்ளே போனதும் ரெண்டு பேருக்கும் சட்டை தொப்பல்.

ஐஸ் வெச்சு 20 டிகிரிக்குக் கொண்டுவந்த டி-76 டெவலப்பர், அப்புறம் ஹைப்போ. ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சோம். மடங்கின ரெண்டு ஃப்ரேம் போயிருந்தது. அம்மா இருந்தாங்க, முந்தானையும் சிரிப்புமா!

நெகட்டிவ்ல கறுப்பு வெள்ளையாத் தெரியும்ல? ரொம்ப நேரம் பார்த்துட்டு அவன் சொன்னான்: “அம்மாவுக்கு நரைச்சா இப்படித்தான்டா இருந்திருப்பாங்க.”

நான் பதில் பேசலை.

இப்போ அந்த ஊட்டி கம்பெனியும் மூடியாச்சு. இன்னிக்கும் ஃபிலிம் கழுவுற கிறுக்கர்கள் நைட் விஷன் கருவிகளை யூஸ் பண்றாங்க. நீங்களும் ட்ரை பண்ணலாம். இன்ஃப்ராரெட் ஃபிலிமுக்கு மட்டும் வேண்டாம், அது எல்லாத்தையும் பார்த்துடும். காசு டெஸ்ட்டையும் மறக்காதீங்க.

அப்புறம் ஃப்ரெண்ட்ஸ்... உங்க வீட்டு பீரோவுல கழுவாத ரோல் ஏதாவது கிடக்குதா? போய்த் தேடுங்க. இன்னிக்கே!