பள்ளிக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி

தியானப் பகுதி: யாத்திராகமம் 2:1-10



அண்மைக் காலமாக நம் சபையின் இளம் பெற்றோர் சிலர் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். சிறு பிள்ளையைப் பாதி நேரம் மட்டும் பள்ளிக்கு அனுப்பி, மீதியை வீட்டிலேயே கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெருநகரங்களில் சிலர் அப்படிச் செய்வதை அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்வி புதிதாகத் தோன்றினாலும், நம் வீடுகள் சில காலம் இதை வாழ்ந்து பார்த்தவைதாம். 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட தொடக்கப்பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. திறந்த பின்பும் சுழற்சி முறை என்பதால், பிள்ளைகளுக்குச் சில நாள் பள்ளி, சில நாள் வீடு. அந்நாட்களில் நம் சபைக் குடும்பம் ஒன்றில் நடந்ததை அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

தகப்பனார் சென்னையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஊரடங்கில் கடையை மூடிவிட்டு ஊருக்கு வந்திருந்தார். வீட்டில் மனைவி, வயதான தாயார், ஒரே மகள். அந்தப் பிள்ளை முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டும் வகுப்பறையைக் கண்டதில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. மகள் பின்தங்கிவிடுவாளோ என்ற பயத்தில், தாயார் வீட்டையே பள்ளிக்கூடமாக்கினார். சுவரில் கால அட்டவணை ஒட்டப்பட்டது. கையில் அடிக்கோல் ஏறியது. உறவினர் வீட்டுப் பிள்ளைகள் எழுதிய பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். இரண்டு மாதத்திற்குள், புத்தகத்தை எடுத்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது.

ஒருநாள் அந்தச் சகோதரி குருமனைக்கு வந்து கண்ணீரோடு சொன்னார்: "ஐயா, எம்புள்ள என்னையப் பாத்தாலே பயப்படுதா. எனக்கு டீச்சராவும் இருக்கத் தெரியல, இப்ப அம்மாவாவும் இருக்க முடியல."

அன்று நாங்கள் சேர்ந்து வாசித்த பகுதிதான் மேலே குறித்திருப்பது. ஆற்றங்கரை நாணலில் கண்டெடுத்த குழந்தையை, பெற்ற தாயிடமே கூலி கொடுத்து வளர்க்கக் கொடுக்கிறாள் பார்வோனின் குமாரத்தி. யோகெபேத்துக்குக் கிடைத்தது அந்தப் பிள்ளையின் சின்னஞ்சிறு வயது மட்டுமே. பிள்ளை வளர்ந்தபோது அரண்மனையில் கொண்டுபோய் விட்டாக வேண்டும். எகிப்தின் சாஸ்திரங்களையெல்லாம் மோசே கற்றார் என்று அப்போஸ்தலர் 7:22 சொல்லுகிறது. அவற்றைக் கற்பிக்க யோகெபேத்தினால் கூடாது. அது அவளிடம் கேட்கப்படவும் இல்லை. ஆயினும், பெரியவனான பின்பு பார்வோனுடைய குமாரத்தியின் மகன் என்னும் பெயரை மோசே வெறுத்தார் என்று எபிரெயர் 11:24 கூறும்போது, தான் யாருடைய பிள்ளை என்பதை அவர் எங்கே அறிந்துகொண்டார் என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அரண்மனை அதைக் கற்பித்திருக்காது.

அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் அட்டவணையைக் கிழித்துவிடவில்லை. பாட நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அடிக்கோலை அலமாரியின் மேல் வைத்தார். மற்ற நேரங்களில் பிள்ளை வீட்டாரோடு வீட்டு வேலைகளில் இருந்தது. ஆச்சி அதிகாலையில் விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே சத்தமாகச் சங்கீதம் வாசிப்பது வழக்கம். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைக் கவனித்தது. பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லைத் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது: கர்த்தர். அதுவே அது வாசித்த முதல் சொல். தகப்பனார் பழைய கணக்கு நோட்டை எடுத்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று கருப்பட்டியையும் பருப்பையும் நிறுத்துக் காட்டினார். கடையை இழந்த வேதனையில் யாரோடும் பேசாதிருந்தவர், மகளோடு பேசத் தொடங்கினார்.

பள்ளி திறந்தபோது, வீடு கொடுக்கக் கூடாத நன்மைகளும் விளங்கின. ஒரே பிள்ளையாய்ப் பிடிவாதத்தோடு வளர்ந்தவள், தன் முறைக்குக் காத்திருக்கவும் சிலேட்டுக் குச்சியைப் பகிர்ந்துகொள்ளவும் அங்கேதான் பழகினாள். எழுத்தில் அவள் பின்தங்கியே இருந்தாள். அதற்கும் ஒரு வழி பிறந்தது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தெருவிலிருந்த ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்து மாலைதோறும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பள்ளி ஒரு பங்கு, வீடு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு என்று அந்தப் பிள்ளை வளர்ந்தது.

இங்கிலாந்தில் எப்வர்த் என்னும் ஊரில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி, தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒழுங்கான பள்ளி நடத்தியவர். ஐந்து வயதில் எழுத்துக்களைக் கற்பித்து, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் வாசிப்பைத் தொடங்குவார். அந்தப் பாடங்களுக்குப் புறம்பே, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். ஜான் வெஸ்லிக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும், அந்த வியாழக்கிழமை மாலைகளை ஏங்கி நினைத்துத் தாய்க்குக் கடிதம் எழுதினார் அவர்.

ஆகவே, என்னிடம் கேட்ட பெற்றோருக்கு இதைச் சொல்லுகிறேன். பள்ளியை அற்பமாக எண்ணாதிருங்கள். 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்று 2010 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் கூறுகிறது. நம் பக்கத்து ஊரான முதலூர் 1799இல் உருவானது. அக்காலந்தொட்டு இந்தத் தேரிக்காட்டு ஊர்களில் கோயிலுக்கு அருகே பள்ளிக்கூடங்கள் எழும்பின. நம் பாட்டிமார் வேதத்தை வாசித்தது அந்தப் பள்ளிகளால்தான். ஆனால் பள்ளியின் பாடத்தையே வீட்டில் இரண்டாம் முறை நடத்துவதற்காகத் தேவன் நம்மைப் பெற்றோராக்கவில்லை. உபாகமம் 6ஆம் அதிகாரம் நமக்குக் குறிக்கும் நேரங்களைப் பாருங்கள்: வீட்டில் உட்காரும் நேரம், வழியில் நடக்கும் நேரம், படுக்கும் நேரம், எழும்பும் நேரம். பட்டம் பெறாத தாயும், வாசிக்கத் தெரியாத தகப்பனும் இந்த நேரங்களைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். வேலைக்காக வெளியூரில் இருப்போர், இரவில் கைப்பேசியில் பத்து நிமிடம் பிள்ளையோடு ஜெபிக்கலாம். மதிப்பெண்ணை அப்போது கேட்காதிருங்கள்.

இந்த வாரத்தில் ஒரு மாலையைத் தெரிந்துகொண்டு, உங்கள் பிள்ளைகளில் ஒருவரோடு தனியாக உட்காருங்கள். புத்தகம் வேண்டாம். பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

யோகெபேத்துக்குக் கொஞ்சக் காலத்தைக் கொடுத்து அதை ஆசீர்வதித்த தேவன், நம் வீடுகளில் உள்ள கொஞ்ச நேரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.