பேக் எடுக்கும் கை

முகத்துக்குப் பேக் போடுவதை அரை மணி நேரத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதை எடுக்கப் பழகத்தான் நாள் பிடிக்கும். நிபோங் திபாலில் என் பார்லருக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் பிரஷ்ஷைத்தான் முதலில் தேடுவார்கள். நான் வாழைக் குருத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கையில் கொடுப்பேன்.

அரிசி மாவைக் குழைத்து அந்தக் குருத்தின்மேல் பூச வேண்டும். ஓரம் காய ஆரம்பித்ததும் ஈரக் கையால் எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தவளுக்கு உடனே ஒன்றும் தெரியாது, இலை பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் விரல் போன வழியெல்லாம் கறுத்துக் கிடக்கும். நம் நிறத்துத் தோலுக்கும் இதே கதைதான். தேய்த்த அன்று மினுமினுப்பு, சில வாரம் போனால் கன்ன எலும்பின்மேல் கரும்படை. வெள்ளைத் தோல் சிவந்து ஆறிவிடும் இடத்தில் நம்முடையது கறுப்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடாது.

இந்தக் குருத்துப் பாடம் எனக்கு ஜார்ஜ்டவுனில் தொழில் செய்த ஓர் அக்காவிடமிருந்து வந்தது. 2014இல் பினாங்கின் இரண்டாம் பாலம் திறப்பதற்கு முந்தைய காலம். பஸ் பிடித்துப் பட்டர்வொர்த் போய், அங்கே ஃபெரி ஏறி அக்கரை போவேன். அக்கா மோதிரம் போடமாட்டார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். தண்ணீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் துண்டை நனைப்பார். முகத்தில் படுவது மோதிர விரலும் நடுவிரலும் மட்டும். “ஆள்காட்டி விரல மடக்கிக்கோம்மா, அது அதிகாரம் பண்ணும்” என்பார். நான் அவசரப்பட்டால் கையைப் பிடித்து நிறுத்தி, “தண்ணிய வேலை செய்ய விடு” என்பார். அவர் கற்றுக்கொடுத்த தியரி மொத்தமே அவ்வளவுதான்.

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். வெதுவெதுப்பான ஈரத்துண்டை முகத்தின்மேல் விரித்து, உள்ளங்கையால் ஒத்தி, மாவு ஊறும்வரை காத்திருங்கள். துண்டைத் தூக்கினால் பாதி அதோடு வந்துவிடும். மீதியை விரல் நுனியை நனைத்து நனைத்து, காசு அகலத்துக்கு வட்டம் போட்டு நெகிழ்த்துங்கள். செத்த தோல் கழல்வது இந்த நேரத்தில்தான். விரலுக்குக் கீழே மாவு வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இழுபடுகிறது என்றால் நீர் போதவில்லை. பூசும்போது நெற்றி, மூக்கு, தாடை முதலில், கன்னம் கடைசி. எடுக்கும்போது கன்னம் முதலில். மெல்லிய இடத்தில் பேக் குறைந்த நேரம் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பேக் வெடித்துக் காயும்வரை விடக்கூடாது. முகம் இறுகினால் வேலை நடக்கிறது என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். சிரிக்க முடியாத அளவுக்கு இறுகினால்தான் சிலருக்குக் கொடுத்த காசு செரிக்கும். அந்த இறுக்கம் ஈரம் போவதால் வருவது. ஏழெட்டு நிமிடத்தில் தொட்டுப் பாருங்கள், ஓரம் வெளுத்திருந்தால் பன்னீர் தெளித்து எடுக்க ஆரம்பித்துவிடுங்கள். பத்து காவானில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் பெண்கள் நாள் முழுக்க ஏர்கோனில் இருப்பவர்கள். அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் எடுக்க வேண்டும்.

பொருளுக்கு வருவோம். என் பேக்கில் பயத்தம்மாவு, தயிர், பெடாக் சஜுக், மூன்றும்தான். பயத்தம்மாவை மெஷினில் அரைத்து அப்படியே போடக்கூடாது, மெல்லிய துணியில் சலித்துவிட்டு மணிக்கட்டின் உள்பக்கம் உரசிப் பாருங்கள். நறநறத்தால் அது குளிக்க, கைகாலுக்கு. தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது என்று புட்டியில் அடைத்து விற்பவர்கள் பெரிதாகச் சொல்கிறார்கள். இருப்பது கொஞ்சம்தான், எனக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

பெடாக் சஜுக் என்னும் அரிசிக் குளிர்மாவுதான் இந்த ஊர்ப் பக்கத்துச் சரக்கு. பக்கத்திலேயே பாரிட் புந்தார் நெல்வயல்கள், அரிசிக்குப் பஞ்சமில்லை. கம்பத்தில் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்ப் பெண்கள் அரிசியைப் பானையில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். முதலில் புளிக்கும், பிறகு பக்கத்தில் போக முடியாத நாற்றம். அந்த நாற்றம் அடங்கும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இதில் உள்ள பாடு. கடைசியில் அரிசி விரலில் பிசைந்தாலே குழையும். அதை அரைத்து, வடிகட்டி, தெளியவைத்து, துணியில் சொட்டுச் சொட்டாக விட்டு வெயிலில் காயவைப்பார்கள். வாசத்துக்குப் பண்டான் இலை, மல்லிகை. அவசரக்காரர்கள் கடை அரிசி மாவையே உருட்டிக் காயவைத்து அதே பெயரில் விற்கிறார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு வில்லையை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டு நீர் விடுங்கள். நல்லதாக இருந்தால் சின்னக் குமிழி விட்டு, நீங்கள் தொடாமலே சரிந்து கூழாகும். நகத்தால் நசுக்க வேண்டியிருந்தால் வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

எலுமிச்சையை என் மேசைக்கு வரவே விடமாட்டேன். தோலின் பிஎச் ஐந்துக்குப் பக்கம், எலுமிச்சைச் சாறு இரண்டுதான். அந்தச் சாறு பட்ட முகத்தோடு நம் ஊர் வெயிலில் நடந்தால் கொப்புளம் போட்டுக் கறுத்தே போகும். பப்பாளி என்றால் எந்தப் பப்பாளி என்று பார்க்க வேண்டும். காயில் வடியும் பாலில் பப்பைன் இருக்கிறது. ஆட்டிறைச்சியை மெத்தென்று ஆக்கப் போடுவது அதற்காகத்தான். நல்ல பழத்தில் அது மிகக் குறைவு. வீட்டில் காயைச் சீவித் தேய்த்துவிட்டு, கன்னம் எரிய எரிய ஒரு பெண் ஓடிவந்தாள். குளிர்ந்த நீரால் கழுவிவிட்டு கிளினிக்குக்கு அனுப்பினேன். அந்த முகத்தில் நான் செய்ய வேறு வேலை இல்லை.

தோலின் மேலடுக்கு தானாகவே உதிர்ந்து புதிதாகிக்கொண்டுதான் இருக்கிறது. இளவயதில் அதற்கு ஏறத்தாழ நான்கு வாரம், வயதாக ஆக இன்னும் மெதுவாக. நாம் செய்வது, விழத் தயாராக இருப்பதை விழவிடுவது. வாரம் ஒரு தடவை தாராளம். எண்ணெய் வழியும் முகம் என்றால் இரண்டு, அதற்குமேல் வேண்டாம். பேக் போட்ட அன்றைக்கு த்ரெடிங், வேக்ஸிங் கிடையாது. டாக்டர் கொடுத்த பரு கிரீம் போடுகிறவர்கள் அவரைக் கேட்டுவிட்டு வரட்டும். பேக் எடுத்ததும் மாய்ஸ்சரைசர், வெளியே போவதானால் சன்ஸ்கிரீன்.

வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இப்போது என்ன கிரீம் போடுகிறீர்கள் என்பதுதான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் என்றால் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு ‘நோட்’ (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் நிஜமா என்று தெரியும். பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் கலந்த கிரீம்களை அவர்கள் அவ்வப்போது பெயர் சொல்லி அறிவிக்கிறார்கள். அவற்றைப் போட்டு நொந்த தோலில் பெடாக் சஜுக்கூட எரியும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவோடு வந்து, “எல்லாம் பண்ணிவிடுங்க ஆன்ட்டி” என்று உட்காரும் பெண்ணுக்கு நான் பேக் போடுவதில்லை. ஒரு வாரம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் ஒருமுறை காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், வேறு பார்லருக்குப் போனவர்களும் உண்டு. நலங்கன்றைக்கு எப்படியும் அத்தை சித்தி எல்லோரும் மஞ்சளும் மாவுமாகக் கை வைக்கப் போகிறார்கள். அவர்களில் யாருக்கும் நான் குருத்தில் பாடம் எடுக்க முடியாது.