கரைமேல் சைக்கிள்

மேலூரில் லாரித் தொல்லை இல்லாமல் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர் ரோட்டைத் தேடக் கூடாது, தண்ணீர் போகிற வழியைத் தேட வேண்டும். நான்குவழிச் சாலை சைக்கிளுக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அழகர்கோயில் ரோடு, சிவகங்கை ரோடு, திருப்பத்தூர் ரோடு எல்லாமும் இப்போது அப்படித்தான். பின்னால் வருகிறவன் ஒரு ஹாரன் அடித்தால் நாம் மண்ணில் இறங்கியாக வேண்டும். இறங்கினது இறங்கினோம், இனி மண்ணிலேயே போவோம் என்று முடிவு கட்டியவன் நான்.

மண்பாதைகளில் எனக்கு முதலிடம் பெரியாறு பிரதானக் கால்வாயின் கரைதான். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தபோது மதுரைக்கு வந்த தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோக வெட்டியது. பேரணையில் வைகையிலிருந்து பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக வந்து, கள்ளந்திரி தாண்டி மேலூர்ச் சீமைக்குள் நுழைகிறது. கரையோரமாக, மதகுகளைப் பார்த்துவரும் ஜீப்புக்காகப் போட்ட கிராவல் பாதை. சில இடங்களில் நன்றாக இருக்கும், சில இடங்களில் ஜீப்பே யோசிக்கும்.

தண்ணீர் மேடேறாது. அதனால் கால்வாய் நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குன்று வந்தால் அதன் இடுப்பைச் சுற்றி வளைந்து போகிறது. அதை ஒட்டிய பாதையும் அப்படியே. இடப்பக்கம் அழகர்மலை நிற்கும், எதிரே மொட்டைப்பாறைகள் எழும்பும், ஆனால் உங்கள் முழங்காலுக்கு ஏற்றம் என்று ஒன்று வரவே வராது. மலைச்சீமையில் ஓட்டுகிறோம், சமவெளியில் மிதிக்கிறோம். இந்தச் சுகத்தை நமக்குத் தந்தது யாரோ ஒரு சர்வேயரின் மட்டக்கருவி.

பிரான்ஸ் நாட்டில் ஆர்தேஷ் என்ற மலைப்பகுதியில் 1968-ல் நின்றுபோன குறுகிய ரயில்பாதை ஒன்றைச் சைக்கிள் தடமாக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரளைதான், மோட்டார் வண்டிக்கு இடமில்லை. நீராவி எஞ்சின் ஏற வேண்டிய பாதை என்பதால் ஏற்றமெல்லாம் மெல்ல மெல்ல வரும். உலகமெங்கிருந்தும் விமானம் பிடித்துப் போய் ஓட்டுகிறார்கள். அங்கே ரயிலுக்காக மட்டம் பார்த்தார்கள், இங்கே நெல்லுக்காக. எது மேலானது என்று கேட்டால், ஊர்ப்பாசத்தை ஒதுக்கிவிட்டே சொல்கிறேன், ரயிலைவிடத் தண்ணீர்தான் மட்டத்தில் கறாரானது.

அதே நாட்டில் சேந்த்-எத்தியேன் நகரத்தில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி (1853–1930) என்று ஒருவர் இருந்தார். 1887-ல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கியவர். மலைநாட்டில் பயணம் போகிறவனுக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். தூர் த பிரான்ஸ் பந்தயக்காரர்கள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்கள். 1937 வரை அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. பந்தயம் வேறு, பயணம் வேறு என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கரைப்பாதைக்குத் தனிச் சைக்கிள் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ‘கிராவல் பைக்’ என்று கடைகளில் விற்கிற வண்டியின் டயர் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலம். நம் அப்பாக்கள் ஓட்டிய 28 அங்குல கறுப்புச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயரும் ஏறக்குறைய அதே 40 மில்லிமீட்டர்தான்! மண்ரோட்டு நாட்டுக்கு என்ன டயர் வேண்டும் என்பது முன்னமே தீர்ந்துபோன விஷயம். புது வண்டியில் எடை குறைவு, பிரேக் நன்றாகப் பிடிக்கும், அவ்வளவே.

காற்று விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் கல்லுப்போல ஏற்றி அனுப்புவார். கிராவலில் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் துள்ளும், துள்ளுகிற சக்கரம் முன்னே போகாது. கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் அமுங்க வேண்டும். முன்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு. ரொம்ப இறக்கினாலும் ஆபத்து. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

அதைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேலம். அதன் முள் டயரைத் துளைத்து உள்ளே முறிந்து நிற்கும், வெளியே தடயமே இருக்காது. டியூபை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பினால் கூப்பிடு தூரத்தில் மறுபடி இறங்கிவிடும். டயரைக் கழற்றி உட்புறத்தை வெளியே மடித்து, ஒரு துணியை மெதுவாகச் சுற்றிலும் இழுத்து வர வேண்டும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள். சிறு இடுக்கியால்தான் வரும், நகத்துக்கு அகப்படாது. டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கால்வாய் இருக்கிறது, முக்கினால் குமிழி வரும். தண்ணீர் இல்லாத மாதமென்றால் கன்னத்தருகே பிடித்துச் சுற்றுங்கள், காற்று படும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன் பளபளப்பு மங்கும்வரை கைவைக்காமல் இருக்க வேண்டும். அவசரக்காரன் ஒட்டுகிற ஒட்டு நிற்காது. பழைய வண்டிக்காரர்கள் வால்டியூப் ஒன்றிரண்டு சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்லது.

இனி பருவம். கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம், சுமார் 45,000 ஏக்கர். அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம், சுமார் 85,000 ஏக்கர். அணையில் இருப்பு இருந்தால் செப்டம்பர் வாக்கில் திறப்பார்கள். திறப்பதற்கு முன் தூர்வாருகிற நாட்களில் கரைப்பக்கம் போகவே வேண்டாம், எடுத்த சேறெல்லாம் பாதைமேல்தான் கிடக்கும். மழை நின்றபின் செம்மண் ஒரு வெயில் வாங்கி இறுகிவிடும், ஓட்ட அதைவிட நல்ல தரை கிடையாது. கண்மாய்க்குள் இறங்கினால் கதை வேறு, களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரம் சுற்றாது. ஆடியில் மேலைக்காற்று உரக்க அடிக்கும். வெள்ளெனக் கிளம்பி அழகர்மலையை நோக்கி மேற்கே போய்விட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

கால்வாயிலிருந்து கிளை பிரிந்து கண்மாய்களுக்குப் போகிறது. அங்கிருந்து கண்மாய்க்கரைகள்தான் நம் பாதை. இரண்டு ஊருக்கு நடுவே வயலெல்லாம் தண்ணீராக நிற்கும் மாதங்களில் மனிதர்கள் நடக்க மிஞ்சியது கரை ஒன்றுதான், அதனால் பழைய வழிகள் எல்லாம் கரைமேலேயே ஓடுகின்றன. பனைமர வரிசை, மடை, கலுங்கு, கரையில் ஒரு அய்யனார். அரிட்டாபட்டிப் பக்கம் போனால் இதன் உச்சம் தெரியும். குன்றுகளின் அடியில் கண்மாய்கள், பாறையில் பாண்டியர் காலக் குடைவரை, பக்கத்து மீனாட்சிபுரம் குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், மேலே கழுகுகள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக இங்கே சுமார் 193 ஹெக்டேரை அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் இந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர் வட்டார மக்கள் திரண்டு எழுந்ததில் 2025 ஜனவரியில் அது ரத்தானது. கீழவளவுப் பக்கம் மாறாக, மலையை அறுத்து எடுத்த கிரானைட் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அந்தப் பள்ளங்களின் ஓரம் மாலைக்குப் பின் ஓட்டாதீர்கள், தடுப்புச்சுவர் எல்லா இடத்திலும் இல்லை.

கரையில் எதிர்ப்படும் பெரியவர் நிச்சயம் நிறுத்துவார். “எங்கிட்டுப் போறீக?” “சும்மாதான்யா, ஓட்டிட்டு வரலாம்னு.” “சும்மாவா?” என்று மேலும் கீழும் பார்ப்பார். கூச்சப்பட வேண்டாம், நின்று பேசுங்கள். எந்த மடைக்கப்பால் கரை உடைந்திருக்கிறது, எந்தக் கண்மாயில் நாளை மீன்பிடித் திருவிழா என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் வராது. ஆட்டுமந்தை வந்தால் இறங்கி நிற்க வேண்டும், மணியடிக்கக் கூடாது. கோயில்காடு வந்தால் செருப்பைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

கரைக்குத் தார் கேட்டு மனுக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஊருக்குள் ஆம்புலன்ஸ் வருகிற ரோட்டுக்குத் தார் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கரைக்கு வேண்டாம். தார் விழுந்த மறுமாதம் குறுக்குவழி கண்ட டிப்பர் வரும், கனம் தாங்காமல் கரை உட்காரும், முதலில் மேய்ச்சல்காரர் விலகுவார், அப்புறம் சைக்கிள்காரர். கிராமசபையில் இந்தப் பேச்சு வந்தால், உடைந்த இடத்தில் கிராவல் கொட்டி மட்டம் செய்து கொடுங்கள், அது போதும் என்று எழுந்து சொல்லுங்கள்.

வருகிறவர்கள் தை முடிந்து வாருங்கள், அறுவடை டிராக்டர்கள் ஓய்ந்திருக்கும். பம்பும் ஒட்டுச்சாமானும் கையோடு இருக்கட்டும், கரைமேல் கடை கிடையாது.